ஆறாம் எண்

ஒன்றினும் பெரியதாய், தன்னாலும் ஒன்றாலுமன்றிப் பிற எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர் கணித நூலார். 2, 3, 5, 7, 11 என்பன அத்தகையன. இவற்றைத் தொடர்ந்து தரவல்ல முறையொன்று உண்டோ என ஆராய்ந்தவருள் ஒருவர், பிரான்சு நாட்டுத் துலூசு நகரில் முறைமன்றப் பணி புரிந்த பெர்மா என்பவர்.

மாணவர்களே! இரண்டைத் தன்னாலேயே பெருக்கின் 4 ஆகும். நான்கைத் தன்னாலேயே பெருக்கின் 16 ஆகும். இவ்வாறே மேலும் பெருக்கின் 256, 65536 என்பன வரும். 2 முதலாகிய இவ்வைந்தனோடும் தனித்தனியே ஒன்று கூட்டுக. 3, 5, 17, 257, 65537 என்னும் எண்கள் கிடைக்கும். ஐந்தும் பகா எண்களே. இவ்வழகிய ஒழுங்கினைக் கண்ட பெர்மா, இம்முறையில் எத்துணைத் தொலைவு சென்றாலும் பகா எண்களே தோன்றும் என்று 1640ஆம் ஆண்டில் மடலொன்றில் எழுதினார். அதனை மெய்ப்பிக்க அவரால் இயலவில்லை. ஆயினும் அக்கருத்தை உண்மையெனவே நம்பினார்.

ஆறாம் எண் யாது? 65536ஐத் தன்னாலேயே பெருக்கி ஒன்று கூட்டின் 4294967297 ஆகும். அஃதாவது, நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. இது பகா எண் என்று துணிய வேண்டுமாயின், 65536க்கு உட்பட்ட பகா எண்கள் 6542ஆலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும். கையால் அதனைச் செய்யத் துணிவார் யார்? பெர்மாவின் கூற்று ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் மறுப்பாரின்றி நின்றது.

1729ஆம் ஆண்டில் கோல்டுபாக்கு என்னும் அறிஞர், உருசிய நாட்டில் அப்போது பணியாற்றிய ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞருக்கு இக்கூற்றை நினைவூட்டினார். சொன்னவர் பேரறிஞராயிற்றே என்று ஆய்லர் அமைந்துவிடவில்லை. 1732ஆம் ஆண்டில், அவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று உலகிற்கு அறிவித்தார். ஈவு 6700417. நீங்களும் தாளெடுத்துப் பெருக்கிப் பாருங்கள்.

இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது 64ஆல் வகுபடும் என்னும் விதியையும் ஆய்லர் பின்னர் நிறுவினார். அவ்விதிக்கு இணங்கும் பகா எண்கள் முறையே 193, 257, 449, 577, 641 என்பன. முதல் நான்கும் மீதி காட்டும், ஐந்தாவது வகுத்துவிடும். 641 என்பது 116ஆம் பகா எண்ணாதலின், வரிசையாக வகுத்துச் செல்வார்க்கு நூற்றுப் பதினாறு முயற்சி வேண்டும். விதியறிந்தார்க்கு ஐந்தே போதும்.

கவராயமும் நேர்விளிம்பும் மட்டும் கொண்டு 17 பக்கமுடைய ஒழுங்கான உருவம் வரையலாம் என்று செருமானியராகிய கௌசு 1796இல் கண்டார். 257, 65537 பக்க உருவங்களுக்கும் அது பொருந்தும். 4294967297 பக்க உருவத்திற்கோ பொருந்தாது. அது பகா எண்ணாக அமையாமையே காரணம்.

அவ்வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை கிடைத்திலது. இல்லையென்று மெய்ப்பித்தாரும் இலர். ஐந்து சான்றுகள் ஒரு கருத்தை எழுப்பலாம். அதனை உண்மையென நாட்ட அவை போதா. மாறான சான்று ஒன்றே அதனை வீழ்த்தப் போதும்.