ஒன்பதாம் வகுப்பிலேயே உட்கார்ந்து பேசுங்கள்: புனேவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு

தமிழ்நாட்டிலிருந்து புனேவுக்கு வந்த குடும்பங்கள் பிள்ளையின் படிப்பு விஷயத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகின்றன. நம் ஊரில் பிளஸ் ஒன் என்றால் பெரும்பாலும் அதே பள்ளி, அதே நண்பர்கள், தெரிந்த ஆசிரியர்கள். மகாராஷ்டிர ஸ்டேட் போர்டில் 10-ம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது. லீவிங் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு 11-ம் வகுப்புக்கு ஜூனியர் காலேஜில் சேர வேண்டும். யூனிஃபார்ம் கெடுபிடி குறையும், கேட்கிற ஆசிரியர் குறைவார், பயண நேரம் கூடும். பதினைந்து பதினாறு வயதில் இத்தனை மாற்றமும் ஒரே மாதத்தில் வந்து சேர்கிறது.

இது தெரியாமல், 10-ம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் சயின்ஸா காமர்ஸா, எந்தக் காலேஜ், எந்தக் கோச்சிங் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிவு செய்யப் பார்க்கிறோம். 2025-ல் ஸ்டேட் போர்டு 10-ம் வகுப்பு ரிசல்ட் மே 13-ல் வந்தது. அதே மாதத்திலேயே 11-ம் வகுப்புச் சேர்க்கை வேலைகள் தொடங்கிவிட்டன. அவ்வளவு குறுகிய நேரத்தில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. ஆகவே என் ஆலோசனை இதுதான்: 9 முதல் 12 வரையான நான்கு வருடங்களையும் ஒரே திட்டமாகப் பாருங்கள். அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து 9-ம் வகுப்பிலேயே எழுதுங்கள்.

சேர்க்கை முறையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் 11-ம் வகுப்புச் சேர்க்கை பல வருடங்களாகவே ஆன்லைனில் பொதுவாக நடக்கிறது. 2025-26 முதல் இந்த முறை மாநிலம் முழுவதற்கும் வந்துவிட்டது. மாணவர் 10 ஜூனியர் காலேஜ்கள் வரை விருப்ப வரிசையில் கொடுக்கலாம். 10-ம் வகுப்பு மார்க்கை வைத்து இடம் ஒதுக்கப்படும். கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. முதல் விருப்பமாக எழுதிய காலேஜ் கிடைத்தால் அதில் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் அடுத்த வழக்கமான சுற்றுகளில் கலந்துகொள்ள முடியாது. 'சும்மா போட்டு வைப்போம்' என்று முதல் இடத்தில் எதையும் எழுதாதீர்கள்.

பெர்குசன், எஸ்.பி., பி.எம்.சி.சி., கர்வாரே என்று பெயர்களைக் கேட்டதும் மனம் அங்கே ஓடும். பெயரோடு தூரத்தையும் பாருங்கள். ஹிஞ்சவடியில் வீடு வைத்துக்கொண்டு எஃப்.சி. ரோட்டில் படிக்கும் பிள்ளைக்கு மழைக்காலத்தில் போக்குவரத்திலேயே தினமும் சில மணி நேரம் போகும். அது படிப்பிலிருந்தோ தூக்கத்திலிருந்தோதான் கழியும். 9-ம் வகுப்பு முடிந்த விடுமுறையில், வேலை நாள் ஒன்றில் காலையில், பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த வழியில் பஸ்ஸில் ஒருமுறை போய் வாருங்கள். போன வருடக் கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்து, எட்டுவது கடினமானது, கொஞ்சம் முயன்றால் கிடைப்பது, நிச்சயம் கிடைப்பது என்று மூன்று வகையிலும் சில பெயர்களை எழுதி வையுங்கள்.

ஸ்டேட் போர்டு ரிசல்ட்டில் ஆறு பாடங்களில் சிறந்த ஐந்தை வைத்துத்தான் சதவீதம் கணக்கிடுகிறார்கள். மராத்தி வராத நம் பிள்ளைகளுக்கு இது ஆறுதல். அதற்காக மராத்தியைக் கைவிட்டுவிடக் கூடாது. 2020-ல் வந்த சட்டப்படி எல்லா போர்டு பள்ளிகளிலும் அது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. சாஸ்திரீய சங்கீதம், நடனம், மாநிலத்தின் டிராயிங் கிரேடு தேர்வு, விளையாட்டு ஆகியவற்றுக்கும் ஸ்டேட் போர்டில் கூடுதல் மார்க் உண்டு. உங்கள் மகள் பரதம் கற்கிறாள் என்றால், அவள் எழுதும் தேர்வு அங்கீகரிக்கப்பட்டதுதானா என்று பள்ளியில் முன்கூட்டியே கேளுங்கள். பள்ளி வழியாக விண்ணப்பம் போனால்தான் மார்க் சேரும்.

பன்னிரண்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

14 வயதுப் பிள்ளையிடம் 'என்ன ஆகப்போகிறாய்?' என்று கேட்டால் பெரும்பாலும் நமக்குப் பிடித்த பதிலையே சொல்லும். 'எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமல் எடுத்து வைத்துப் படிக்கிறாய்?' என்று கேளுங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று வழிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொரு வழியும் 12-ம் வகுப்பில் எந்தப் பாடத்தைக் கேட்கிறது என்று பாருங்கள்.

இந்த ஊரிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) ராணுவப் பிரிவுக்கு எந்த ஸ்ட்ரீமில் 12-ம் வகுப்பு முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசர் புனேவில் சேர அதற்கென்று தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. சி.ஏ. படிப்புக்கு எந்த ஸ்ட்ரீமும் தடையில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் படிக்கக் கணிதம் இருந்தாக வேண்டும். காமர்ஸில் சேரும்போது கணிதத்தை விட்டுவிட்டால் அந்த வாசல் அன்றே அடைபட்டுவிடும். பிள்ளைக்குக் கணிதம் ஓரளவு வரும் என்றால் 11-ல் அதை விடாமல் வைத்துக்கொள்வது நல்லது.

என்ஜினீயரிங் போகும் எண்ணம் இருந்தால் நம் குடும்பங்களுக்கு இரண்டு மாநிலக் கணக்கு இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் எம்.எச்.டி.-சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: மொத்தம் 200 மார்க், அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லாமல் 12-ம் வகுப்பு மார்க்கை வைத்தே கட்-ஆஃப் போடுகிறார்கள். அங்கேயும் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குத்தான் கணக்கு. ஆக இரண்டு இடத்திலும் பாதி எடை கணிதத்துக்கு. ஆனால் இங்கே 90 நிமிடத்தில் 50 கணிதக் கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுக்கும் வேகம் வேண்டும், அங்கே போர்டு தேர்வில் படிப்படியாக எழுதி மார்க் வாங்கும் பழக்கம் வேண்டும். இரண்டு மாநிலத்துக்கும் விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளை, சி.இ.டி. பயிற்சி என்று சொல்லிக்கொண்டு எழுதிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

போன மார்க்கைச் சேர்ந்து தேடுங்கள்

திட்டம் என்றதும் நாம் உடனே டைம்டேபிள் போடுகிறோம். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திருத்திக் கொடுத்த விடைத்தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேட் போர்டு 10-ம் வகுப்பில் ஆல்ஜீப்ராவுக்கு 40, ஜியோமெட்ரிக்கு 40, பள்ளி மதிப்பீட்டுக்கு 20. ஆல்ஜீப்ராவில் 40-க்கு 27 வாங்கிய பேப்பரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். "இருபத்தேழுதானா? பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் அந்தப் பேப்பர் அப்படியே பைக்குள் போய்விடும். "வா கண்ணு, இந்த 13 மார்க்கும் எங்க போச்சுன்னு ரெண்டு பேருமா தேடலாம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

பென்சிலால் ஒவ்வொரு தவறின் பக்கத்திலும் ஒரு குறி போடச் சொல்லுங்கள். பாடமே புரியாமல் போனதற்கு 'பு', கவனப்பிசகுக்கு 'க', நேரம் போதாமல் விட்டதற்கு 'நே'. கூட்டிப் பார்த்தால் 'பு' 4, 'க' 5, 'நே' 4 என்று வரலாம். மைனஸ் 7-ஐ சமன்பாட்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும்போது குறியை மாற்றாமல் விட்டது இரண்டு இடத்தில் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு டியூஷன் தேவையில்லை; முடித்த கணக்கை ஒருமுறை மேலிருந்து சரிபார்க்கும் பழக்கம் தேவை. 'நே' அதிகம் என்றால் கடிகாரம் வைத்துப் பழைய கேள்வித்தாள் எழுத வேண்டும். 'பு' அதிகம் என்றால்தான் ஆசிரியரிடமோ டியூஷனிலோ உதவி கேட்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பார்க்காமல் கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதால்தான் பல வீடுகளில் பணமும் போகிறது, மார்க்கும் ஏறுவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் இந்தக் குறிகளை எழுதி வைக்க ஒரே ஒரு நோட்டுப் போதும். 10-ம் வகுப்பு ப்ரிலிமுக்கு (போர்டுக்கு முந்தைய பள்ளித் தேர்வுக்கு) முன்னால் புரட்டிப் பார்க்க அதைவிட நல்ல கைடு கிடைக்காது.

வாரத் திட்டத்தைப் பிள்ளையே போடட்டும்

ஞாயிறு மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வரும் வாரத்தில் என்ன டெஸ்ட், என்ன ப்ராஜெக்ட் என்று பிள்ளை சொல்லட்டும், பிள்ளையே எழுதட்டும். 'கணிதம் படி' என்று எழுதினால் அது வேலையாகாது. 'இருபடிச் சமன்பாடு, பயிற்சியில் எட்டு கணக்கு, புதன் இரவு' என்று எழுதினால் முடித்ததா இல்லையா என்று தெரியும். வாரத்தில் ஒரு மாலையைக் காலியாக விடுங்கள். தள்ளிப்போன வேலைக்கு இடம் வேண்டும்.

ஊரின் நாள்காட்டியையும் கணக்கில் சேருங்கள். புனேவில் ஜூலை முதலே டோல்-தாஷா பதக்குகளின் (மேளக் குழுக்களின்) ஒத்திகை ஆரம்பித்துவிடும், மாலை முழுக்க மேளச் சத்தம்தான். கணபதியின் பத்து நாட்களில் படிப்பு மெதுவாகத்தான் நகரும். பதக்கில் சேரத் துடிக்கும் பிள்ளையை வீட்டில் பூட்டி வைப்பதைவிட, ஜூனிலேயே இரண்டு பாடங்களை முன்னதாக முடித்துவிட்டுப் போகச் சொல்லலாம். தீபாவளி விடுமுறையில் முதல் பருவப் பாடத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதன்பின் ப்ரிலிம் தேர்வுகள் வந்துவிடும். 2025-ல் 10-ம் வகுப்பு போர்டுத் தேர்வு பிப்ரவரி 21-லேயே தொடங்கிவிட்டது. எனவே பாடங்களை டிசம்பருக்குள் முடித்துவிடுவதுதான் இலக்காக இருக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பை வீணாக்க விடாதீர்கள்

நல்ல மார்க் வாங்கி 11-க்குப் போன பிள்ளைகள் பலர் சரிவது இந்த வருடத்தில்தான். 11-ம் வகுப்புத் தேர்வைக் காலேஜே நடத்துகிறது, அந்த மார்க் 12-ம் வகுப்பு எச்.எஸ்.சி. ரிசல்ட்டில் சேராது. அதனால் ஒரு மெத்தனம் வந்துவிடுகிறது. ஆனால் எம்.எச்.டி.-சி.இ.டி.யில் ஏறத்தாழ 20 சதவீதம் 11-ம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகிறது. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் 11-ம் 12-ம் சேர்ந்ததுதான் பாடத்திட்டம். வேகம் விசை தெரியாதவருக்கு 12-ம் வகுப்பு இயற்பியல் புரியாது.

'காலேஜுக்கு வரவே வேண்டாம், அட்டெண்டன்ஸ் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் கோச்சிங் மையங்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீத வருகை கட்டாயம். பள்ளிக்கு வராமல் பெயரை மட்டும் பதிந்து வைக்கும் மாணவர்களை 12-ம் வகுப்புத் தேர்வு எழுத விடமாட்டோம் என்று 2025-ல் போர்டு எச்சரித்தும் இருக்கிறது. லேப் பயிற்சியும் சக மாணவர் நட்பும் இல்லாமல் இரண்டு வருடம் டெஸ்ட் பேப்பரோடு மட்டும் வாழ்வது அந்த வயதுக்கு நல்லதல்ல.

காகிதங்கள்: இப்போதே சரிபாருங்கள்

நம் பிள்ளைகளின் பெயரில் இனிஷியல் இருக்கும், குடும்பப் பெயர் இருக்காது. மகாராஷ்டிரப் படிவங்கள் குடும்பப் பெயர், பிள்ளை பெயர், அப்பா பெயர் என்று மூன்று கட்டங்கள் கேட்கும். பள்ளியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி என்று பதிவாகிவிட்டால் பின்னால் அலைச்சல்தான். சி.பி.எஸ்.இ.யில் 9-ம் வகுப்பிலேயே போர்டுப் பதிவு நடக்கிறது. அதற்கு முன்னால் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கும்படி செய்துவிடுங்கள்.

அடுத்தது டொமிசைல் எனும் வசிப்புச் சான்றிதழ். அதைத் தர, மகாராஷ்டிரத்தில் 15 வருடம் வசித்ததற்குச் சான்று கேட்பார்கள். கட்கியிலும் தேகு ரோட்டிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு இது சிரமமில்லை. வேலைக்காக அண்மையில் வந்தவர்கள்தான் யோசிக்க வேண்டும். இங்கே மாநில ஒதுக்கீட்டில் என்ஜினீயரிங்கோ மருத்துவமோ படிக்க, பொதுவாக 10-ம் 12-ம் இந்த மாநிலத்திலேயே முடித்திருக்க வேண்டும். ஆகவே அந்த வருடங்களுக்கு நடுவே மாற்றல் வாங்குவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் மகாராஷ்டிர மாநில இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது, ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் மத்தியப் பட்டியல்படி பயன்படும். தமிழ்நாட்டு என்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு, வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருப்பிடச் சான்றிதழ் வைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

மார்க் குறைந்தால்

10-ல் நினைத்தது வராவிட்டால் வீட்டில் இழவு விழுந்தது மாதிரி உட்கார வேண்டாம். ஸ்டேட் போர்டில் ஒன்றிரண்டு பாடங்களில் தவறியவர்களும் ஏ.டி.கே.டி. சலுகையில் 11-ல் சேர்ந்து, அந்தப் பாடங்களைத் துணைத் தேர்வில் எழுதலாம். சி.பி.எஸ்.இ. 2026 முதல் 10-ம் வகுப்புக்கு மே மாதத்தில் இரண்டாவது வாய்ப்பு தருகிறது. மூன்று பாடங்கள் வரை மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம். கையால் செய்து கற்கப் பிடித்த பிள்ளைக்கு, 10-க்குப் பிறகு மூன்று வருட பாலிடெக்னிக் டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்து என்ஜினீயரிங்கின் இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம். பாலிடெக்னிக் போனால் மட்டம் என்று நினைக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும்.

இந்த வழிகளையெல்லாம் ரிசல்ட்டுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். தவறினாலும் வீட்டில் தனக்கு இடமுண்டு, மேலே போக வழியுண்டு என்று தெரிந்த பிள்ளை பயமில்லாமல் தேர்வு எழுதும். இந்த ஞாயிறு போன பரீட்சையின் விடைத்தாள், ஆதார், பிறப்புச் சான்றிதழ், ஒரு வெற்று நோட்டு இவற்றை எடுத்துவைத்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிடுங்கள். பேனாவைப் பிள்ளை கையில் கொடுங்கள்.