ஊசி போட்டால் ஜவ்வு ஒட்டுமா?

கேள்வி: கபடியில் முழங்கால் ஜவ்வு அறுந்துவிட்டது. ஸ்டெம் செல், வளர்ச்சிக் காரணி ஊசி போட்டால் ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்களே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: எந்த ஜவ்வு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உட்பக்க ஜவ்வு பெரும்பாலும் தானாகக் கூடிவிடும். மூட்டின் நடுவிலுள்ள முன்சிலுவை ஜவ்வு முழுதாக அறுந்தால் அப்படி எளிதில் கூடாது. மூட்டுத் திரவம் சூழ்ந்திருப்பதால், அறுந்த முனைகளுக்கிடையே ரத்தம் உறைந்து பாலம் கட்டுவதில்லை. வளர்ச்சிக் காரணிகளை முதலில் வெளிவிடுபவை அந்த உறைவிலுள்ள தட்டணுக்கள்தான். அவை செல்களைப் பெருக்கி கொலாஜன் இழைகளை உருவாக்கத் தூண்டும். ஆனால் இழை வரிசையாக அமைய ஒரு சட்டகம் வேண்டும். பாவு இல்லாத தறியில் ஊடை ஓட்டி என்ன பயன்? (விசைத்தறி ஊரான சோமனூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குள் ஸ்டெம் செல் இருப்பதைக் கண்டறிந்த 2007 ஆய்வும் இதையே சொல்கிறது: சுற்றியிருக்க வேண்டிய இரண்டு புரதங்கள் இல்லாத எலிகளில், பிஎம்பி என்ற காரணியின் தூண்டுதல் மிகுந்து, நாணில் எலும்பு உருவானது. செல்லின் போக்கைக் காரணி மட்டும் தீர்மானிப்பதில்லை, சூழலும் தீர்மானிக்கிறது.

'வளர்ச்சிக் காரணி ஊசி சொந்த ரத்தத்தின் தட்டணுக்கள்தானே, போட்டுப் பார்த்தால் என்ன?' என்பீர்கள். நாள்பட்ட குதிகால் நாண் வலியுள்ள 240 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், தட்டணு ஊசி போட்டவர்களுக்கும் வெறும் பாவனை ஊசி போட்டவர்களுக்கும் ஆறு மாதத்தில் வேறுபாடில்லை. முழங்கை வலியில் சில ஆய்வுகள் பலன் காட்டியதும் உண்மை. ஆனால் அது தேய்ந்த நாண், அறுந்த ஜவ்வு அல்ல. ஸ்டெம் செல் ஊசிக்கோ, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி இதுபோன்ற காயங்களுக்கு முறையான ஆய்வுக்குள் மட்டுமே அனுமதி. அதற்குக் காசு வாங்கவும் கூடாது. கோவையில் வழக்கமாக நடக்கும் ஆபரேஷனில் தொடை நாணை எடுத்துப் பொருத்துகிறார்கள். உங்கள் செல்கள் குடியேற அதுதான் பாவு.