கைதட்டல் காதில் விழும்போதே

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. வாணியம்பாடியில் நீங்கள் படித்த பள்ளியின் ஆண்டு விழாவில், அந்தப் பள்ளிக்கு நெடுங்காலம் உழைத்தவர்களைப் பாராட்டப் போகிறீர்கள். யாரை மேடைக்கு அழைப்பது என்று முன்னாள் மாணவர்கள் கூடிப் பேசியிருக்கிறீர்கள். வகுப்பறை கட்டித் தந்தவர், சுற்றுச்சுவர் எழுப்பித் தந்தவர், குடிநீர் இயந்திரம் வாங்கித் தந்தவர் என்று பட்டியலும் தயார். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஏதோ குறைகிறது" என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

பணம் கொடுத்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்ல மாட்டேன். அதுவும் உங்கள் ஊருக்கு எழுதும்போது அப்படிச் சொல்வது நன்றியில்லாத பேச்சாகிவிடும். பாலாற்றங்கரையில் தோலைப் பதனிட்டுப் பிழைத்த ஊர்கள் உங்களுடையவை. அந்தத் தொழிலில் வந்த காசு வீடாகவும் நகையாகவும் மட்டும் நின்றுவிடவில்லை. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1919-லேயே இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்கள். பல ஊர்களில் கல்லூரி என்ற பேச்சே எழாத காலம் அது. ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் இதே கதைதான். மேல்விஷாரத்தின் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிப் 1938-ல் மறைந்தார். அவர் பெயரில் அந்த ஊரில் கல்லூரி எழுந்தது 1965-ல். இருபத்தேழு ஆண்டுகள் கழித்தும் ஓர் ஊர் ஒருவரை நினைவு வைத்துக் கல்லூரிக்கு அவர் பெயரை இட்டது என்றால், அவர் கொடுத்ததை ஊர் வெறும் ரூபாயாக எண்ணவில்லை என்றுதான் பொருள்.

ஆனால் கட்டடத்தைக் கொடுத்தவர் ஒருவர் என்றால், அந்தக் கட்டடத்துக்குள் தன் ஆயுளைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! கவிக்கோ அப்துல் ரகுமானை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது மதுரை. உங்கள் ஊர்க் கல்லூரிக்குத் தமிழ் சொல்லித்தர வந்தவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார், தமிழ்த்துறைத் தலைவராகி 1991-ல் ஓய்வு பெற்றார். 'ஆலாபனை'க்காக 1999-ல் சாகித்திய அகாதமி விருது வந்தபோது நாடே அவரைக் கவிஞர் என்று கொண்டாடியது. வாணியம்பாடியில் அவரிடம் படித்தவர்களுக்கு அவர் முதலில் 'சார்'. உருது பேசும் வீட்டிலிருந்து வந்த பிள்ளைகள் பலருக்குத் தமிழின் வாசலைத் திறந்து வைத்த வகுப்பறை அது. அவருக்காவது கவிதை பெயர் வாங்கித் தந்தது. கவிதை எழுதாமல் அதே முப்பது ஆண்டுகளைக் கணக்குக்கும் வரலாற்றுக்கும் கொடுத்துவிட்டு, ஓய்வூதியத்தோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். உங்கள் பட்டியலில் அவர்களில் ஒருவர்கூட இல்லையே, சகோதரி.

ஊரார் பள்ளிக்குச் செய்ததை மேடையேற்றிச் சொல்வதற்கு நம்மிடம் நல்ல முன்மாதிரி உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்த நாட்களில் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். நிலம் கொடுத்தவர், கூரை மாற்றிக் கொடுத்தவர், பெஞ்சும் கரும்பலகையும் வாங்கிக் கொடுத்தவர் எல்லாரும் அங்கே வந்தார்கள். பல மாநாடுகளில் முதலமைச்சரே உட்கார்ந்திருந்தார். அரசின் கையில் பணம் போதாத காலம். "இது நம்ம பள்ளிக்கூடம்" என்று ஊரையே சொல்ல வைத்தால்தான் பிள்ளைகள் வந்து உட்கார இடம் கிடைக்கும் என்று சுந்தரவடிவேலு கண்டுகொண்டார். பெரிய பண்ணையார் கொடுத்ததும் ஏழைக் குடியானவர் கொடுத்ததும் ஒரே கணக்கில் ஏறின என்பதுதான் எனக்கு அதில் பிடித்த விஷயம்.

அண்மையில் நடந்ததையும் சொல்கிறேன். மதுரை யா. கொடிக்குளத்தில் ஆயி அம்மாள் என்கிற பூரணம், வங்கியில் எழுத்தர். கணவரை இழந்து, கருணை அடிப்படையில் கிடைத்த வேலையில் தன் ஒரே மகள் ஜனனியை வளர்த்தவர். அந்த மகளும் இறந்துவிட்டார். 2024 ஜனவரியில், ஏழு கோடி ரூபாய் பெறும் என்று மதிப்பிடப்பட்ட 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அந்த ஊர் நடுநிலைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும், மகள் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. பத்திரத்தை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வங்கிக்குப் போய் வேலையைப் பார்த்தார். செய்தி பரவிய பிறகு, அந்த ஆண்டு குடியரசு நாளில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது வழங்கினார். ஒரே மாதம். கொடுத்த கை ஈரம் காய்வதற்குள் நாடு நன்றி சொன்னது. எல்லா ஊரும் இந்த வேகத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் படித்த பள்ளியில் நாங்கள் பிந்திப்போனோம். மணி அடிக்கும் ஆயா ஒருவர் இருந்தார். தண்டவாளத் துண்டு ஒன்று வேப்பமரத்தில் தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். மணி அடிப்பது மட்டுமா அவர் வேலை? மதியச் சாப்பாடு கொண்டு வராத பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். தன் தூக்குச் சட்டியின் மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி, மரத்துக்குப் பின்னால் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வார். மற்ற பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று சேலைத் தலைப்பை விரித்து மறைத்துக்கொண்டு நிற்பார். நானும் அந்த மூடியில் சாப்பிட்டிருக்கிறேன். வருடங்கள் கழித்து அவருக்குச் சால்வை போர்த்த வேண்டும் என்று முடிவு செய்து, அழைப்பிதழும் அச்சடித்துக்கொண்டு போய் நின்றபோது, அவர் போய்ப் பதினேழு நாள் ஆகியிருந்தது. சால்வையைப் படத்துக்குப் போட்டோம். அவருடைய மருமகள் எங்களைப் பார்த்து, "அத்தை இத்தனை பேருக்குச் சோறு போட்டுச்சா?" என்று கேட்டார். வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ஆகவே உங்கள் பட்டியலை வயதிலிருந்து தொடங்குங்கள். மூத்தவர் பெயர் முதலில் வரட்டும், கொடுத்த தொகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சத்துணவுக் கூடத்தில் புகையோடு இருபது ஆண்டு நின்ற சமையலர், பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து கழிவறைக் கதவுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய தாய், மாலை வேளையில் காசு வாங்காமல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லாரையும் விசாரியுங்கள். இப்போது படிக்கும் பிள்ளைகளையே வீடு வீடாக அனுப்பிக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். தன் பாட்டி வயதுள்ள ஒருவரிடம் "எங்க ஸ்கூலுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்பதே பாதி மரியாதை.

விழாவை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். ஷூ கம்பெனிக்கும் டேனரிக்கும் போகிற தாய்மார்கள் மற்ற நாட்களில் காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். அவர்கள் வராமல் யார் கைதட்டுவது? ஒவ்வொருவரும் செய்ததை ஒரு பக்கமாக எழுதி, அவரிடம் படித்த ஒருவரே வாசிக்கட்டும். தமிழிலும் உருதுவிலும் வாசித்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் நெஞ்சில் இறங்கும். வாசித்த தாள்களைத் தைத்து நூலகத்தில் வையுங்கள். மின்விசிறி இறக்கையில் எழுதிய 'உபயம்' பெயிண்டோடு உதிர்ந்துவிடும். தாளில் எழுதியதை எடுத்துப் படிக்க நாளை ஒரு பிள்ளை வரும்.

பேச்சாளராக என்னை அழைத்திருக்கிறீர்கள். கட்டாயம் வருகிறேன், ஆனால் என் பேச்சுக்கு ஐந்து நிமிடம் போதும். முதல் நாள் மாலையே சென்னையிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறேன். உங்கள் கடிதத்தின் ஓரத்தில், நடக்க முடியாமல் படுத்திருக்கும் உங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சரைப் பற்றி அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி எழுதியிருந்தீர்களே, அவரை விழாவுக்குக் கூட்டிவர முடியாவிட்டால் மறுநாள் காலையில் பிள்ளைகள் நாலு பேரோடு அவர் வீட்டுக்குப் போவோம். முன்கூட்டியே கேட்டு வையுங்கள், அவருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று.

அன்புடன்,
உங்கள் சகோதரன்