பழைய காருக்கு எந்த எண்ணெய்?

சித்திரை வெயிலில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு பழைய அம்பாசடர் கார் ஓடுகிறது. உத்தரபாராவில் 2014 வரை தயாரான வகை அது. அதன் எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய் எது?

முதலில் ஒரு சோதனை. இரண்டு சோதனைக் குழாய்களில் விளக்கெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்துங்கள். இரண்டிலும் ஒரே அளவுள்ள கண்ணாடி மணியைப் போடுங்கள். சூடான எண்ணெயில் மணி விரைவாக இறங்கும். ஓட்டத்தை எதிர்க்கும் திரவத்தின் பண்பே பாகுநிலை. வெப்பம் ஏற ஏற அது குறைகிறது.

எஞ்சினில் உலோகப் பகுதிகள் ஒன்றோடொன்று உராயாமல் எண்ணெய்ப் படலம் காக்கிறது. எண்ணெய் மிக நீர்த்தால் படலம் அறுந்து பேரிங் தேயும். மிகக் கெட்டியானால், கிளப்பும்போது எண்ணெய் போய்ச் சேரத் தாமதமாகும், பெட்ரோலும் வீணாகும்.

டப்பாவில் '20டபிள்யூ-40' என்றிருந்தால், முதல் எண் குளிர்நிலைத் தரம். அடுத்தது சூட்டுநிலைத் தரம். 100 டிகிரி செல்சியஸில் 40 எனில் பாகுநிலை 12.5 முதல் 16.3 செண்டிஸ்டோக் வரை. 50 எனில் 16.3 முதல் 21.9 வரை. விழுப்புரத்தில் உறைபனி இல்லை. எனவே முதல் எண் 20 போதும்.

தேய்ந்த எஞ்சினில் இடைவெளிகள் அகலும். எண்ணெய் அழுத்தம் குறையும். எண்ணெய் எரிந்து நீலப் புகை வரும். கையேடு அனுமதித்தால் 40க்குப் பதில் 50 போடலாம். ஆனால் அது தேய்மானத்தை மறைக்குமே தவிர, நீக்காது. ஓட்டத்தில் எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால், உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். தாமதித்தால் பேரிங் போய்விடும்.

இதே எண்ணெய் லடாக்கின் கடுங்குளிரில் ஏன் உதவாது? யோசித்துப் பாருங்கள்.