மாடிக்கு வெள்ளை அடிக்கப் போறீங்களா? அக்கா சொல்றதைக் கேளுங்க!

தங்கச்சிகளா, மேல்மாடியில் குடியிருக்கிறவங்களுக்கு மார்ச் பிறந்தாலே கவலைதான். பகல் முழுக்க வெயில் வாங்கின காங்கிரீட், ராத்திரி பத்து மணிக்கும் அனலை விட்டுக்கிட்டே இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டையே நம்ம தலையில் இறக்கும். வெள்ளை அடிச்சா வெயிலில் பெரும்பகுதி மேலேயே திரும்பிப் போயிடும். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்குன்னே தனிக் கொள்கை கொண்டுவந்ததும் இதனாலதான். பலன் உண்டு, பக்குவமும் வேணும்.

1. எவ்வளவு குறையும்?
மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். ஏசி போடுற வீட்டில் கரன்ட் பில்லும் இறங்கும். ஆனா மேற்குச் சுவர், ஜன்னல் வழியா வர்ற வெயிலை இது தடுக்காது. அங்கே திரையோ தட்டியோ தனியா வேணும். தரைத்தளத்தில் இருக்கிறவங்களுக்குப் பெரிசா வித்தியாசம் தெரியாது.

2. முதலில் ஒழுகலைப் பாருங்க
வெறும் வெள்ளை, ஒழுகலை நிறுத்தாது. விரிசலை அடைச்சு, தண்ணி தேங்குற பள்ளத்தைச் சரிபண்ணி, பாசியைத் தேய்ச்சுக் கழுவிக் காயவிட்டுட்டுத்தான் பிரஷ்ஷைத் தொடணும். பாசிமேல் அடிச்ச பெயின்ட் பொருக்குப் பொருக்கா உரிஞ்சு வந்துடும்.

3. சுண்ணாம்பா, பெயின்ட்டா?
சுண்ணாம்பு செலவு கம்மி; ஆனா மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்கணும், காயப்போட்ட துணியிலும் ஒட்டும். கல் சுண்ணாம்பைத் தாளிக்கும்போது கொதிச்சுத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகிடும், இரும்பு டிரம்தான் சரி. சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியில் போடுங்க. கண்ணாடி, கையுறை கட்டாயம், பிள்ளைங்க பக்கத்தில் வேண்டாம். ஆறினதும் பழைய துணியில் வடிகட்டி, ஃபெவிகால் கலந்து, தளத்தை லேசா நனைச்சுட்டு அடிங்க. கூலிங் பெயின்ட் விலை அதிகம்னாலும் சில வருஷம் நிக்கும். டப்பாவில் எஸ்ஆர்ஐ எண் (வெயிலைத் திருப்பி, சூட்டை வெளியே விடுற திறனைக் காட்டுற எண்) போட்டிருக்கான்னு பாருங்க. எண் கூடக் கூட நல்லது. சுவருக்கு அடிக்கிற சாதாரண வெள்ளை பெயின்ட் மாடி வெயிலுக்குத் தாங்காது.

4. எப்போ அடிக்கிறது?
மழைக்காலம் முடிஞ்சு, கத்திரி வெயில் வர்றதுக்குள்ளே அடிச்சிடுங்க. காலையிலோ சாயங்காலமோதான் வேலை; உச்சி வெயிலில் அடிச்சா பிடிக்கிறதுக்கு முன்னாடியே காய்ஞ்சிடும். முதல் கோட் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் இரண்டாவது.

5. ஆஸ்பெஸ்டாஸ் கூரையா?
பலன் நல்லாத் தெரியும், ஆபத்தும் அங்கேதான். ஷீட் மேல் நேரா கால் வைக்காதீங்க, உடைஞ்சு விழுந்துடும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டவும் கூடாது; அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பழகின ஆளை வெச்சே செய்யுங்க.

6. குறைகளும் தெரிஞ்சுக்கோங்க
தூசியும் புகையும் படிஞ்சா வெள்ளை மங்கும், குளிர்ச்சியும் குறையும். அதனால கோடையில் அடிக்கடி பெருக்கி, ஒரு தடவையாவது கழுவிவிடுங்க. ஈரத்தில் வழுக்கும், பெரியவங்க நடக்கிற இடம்னா சொரசொரப்பான ரகமா வாங்குங்க. பக்கத்து வீட்டு மாடி உங்களதைவிட உயரம்னா, அவங்க ஜன்னலில் கண் கூசும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மழைநீர் சேமிப்புக் குழாய் இருந்தா, அடிச்ச பிறகு வர்ற முதல் மழைத் தண்ணியைத் தொட்டிக்கு விடாம வெளியே விடுங்க. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊரில் இந்தச் செலவே தேவையில்லை.

7. முதலில் ஒரு சோதனை
மொத்தமா வாங்கிக் குவிக்காம, சின்ன டப்பா வாங்கி ஒரு மூலையில் மட்டும் அடிச்சுப் பாருங்க. காய்ஞ்சதும் மதியம் ரெண்டு மணிக்குப் புறங்கையை வெள்ளையிலும் வெறும் தளத்திலும் லேசாத் தொட்டு எடுங்க. வித்தியாசம் தெரிஞ்சதா? அப்போ பெரியவங்களும் குழந்தைங்களும் படுக்கிற அறைக்கு மேலே இருந்து ஆரம்பிங்க. மீதியைக் கையில் காசு இருக்கிறப்போ அடிச்சுக்கலாம். வாடகை வீடுன்னா ஹவுஸ் ஓனர்கிட்ட கேளுங்க. தளத்துக்கும் நல்லதுதானே, பாதிச் செலவை அவரையே ஏத்துக்கச் சொல்லுங்க.