சுழலும் மரமும் உருகும் அரக்கும்

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சன்னபட்டணா என்னும் ஊர் உள்ளது. கன்னட மக்கள் இதனைப் 'பொம்மைகளின் ஊர்' என்றே அழைப்பர். கிலுகிலுப்பை, பம்பரம், நடைவண்டி, சொப்பு என மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்யப்படும் இவ்வூர்ப் பொருள்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களை வைத்து விளையாடிய நம் வாசகர்களுக்கு இக்கலை அயலானதன்று. ஆயினும், ஒரு சிறு கிலுகிலுப்பை நம் கைக்கு வருமுன் எத்தனை காலமும் எவ்வளவு முதலும் அதனுள் அடங்குகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

மரமும் காத்திருப்பும்

சன்னபட்டணாவின் மரபான மரம் வெட்பாலை. தோல் நோய்க்கான தைலம் காய்ச்சுவதற்கு நம் நாட்டு மருத்துவர் இலை பறிக்கும் அதே மரம். கன்னடத்தில் இதனை 'ஹாலெ' என்பர். தந்தம் போன்ற வெண்ணிறமும் நெருங்கிய இழையும் கொண்ட இம்மரம் உளிக்கு எளிதில் இணங்கும்.

வெட்டிய மரத்தை உடனே கடைதல் ஆகாது. ஈரம் உலரும்போது மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் மிகுதியாகவும், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் குறைவாகவும் சுருங்கும். ஆதலால் பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த வளையம் சில வாரங்களில் நீள்வட்டமாகிவிடும். பொருத்துத் துளை தளரும். மேற்பூச்சு விரிசல் காணும். இதனைத் தவிர்க்கவே, பட்டை நீக்கிய மரத்தைச் சில மாதங்கள் உலர வைக்கின்றனர்.

கடைசலும் அரக்கும்

உலர்ந்த மரத்தை அளவாக அறுத்துக் கடைசல் இயந்திரத்தில் பொருத்துவர். முற்காலத்தில் வில்லின் கயிற்றைச் சுற்றிக் கையால் இழுத்துச் சுழற்றினர். இன்று பெரும்பாலும் மின்விசைப் பொறியே சுழற்றுகின்றது. சுழலும் கட்டையில் உளியை ஊன்றி உருவம் எடுத்தபின், உப்புத்தாளால் வழவழப்பாக்குவர்.

அடுத்தது அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் இது. ஜார்க்கண்ட் மாநிலம் இதன் விளைச்சலில் முன்னிற்கின்றது. அரக்கை அனலில் இளக்கி, வண்ணத்தூள் சேர்த்துப் பிசைந்து, குச்சிகளாக்கிக் கொள்வர். அக்குச்சியைச் சுழலும் பொம்மைமீது அழுத்தினால், உராய்வின் வெப்பத்தாலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். தூரிகை தேவையில்லை. இறுதியில் தாழை மடலை வைத்து அழுத்த, பூச்சு சமன்பட்டுப் பளபளப்பு ஏறும்.

முதல் முடங்கும் இடம்

இத்தொழிலின் இடர் உளியில் இல்லை, காத்திருப்பில் உள்ளது. மரத்திற்குக் கொடுத்த பணம், அது உலரும்வரை ஒரு ரூபாயும் ஈட்டாது. கையில் பணமில்லாதவர் பச்சை மரத்தைக் கடையத் துணிவார், பொம்மை கோணும், வாங்கியவர் மீண்டும் வாரார். ஆகவே, தரத்தைக் காப்பதில் கைத்திறனோடு நடைமுறை மூலதனத்திற்கும் பங்குண்டு.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெறும் 18 தொழில்களுள் மரபுவழிப் பொம்மைத் தொழிலும் ஒன்று. பிணையின்றி முதல் தவணையாக 1 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காடு வட்டியில் பெற்று, 18 மாதங்களில் திருப்பிச் செலுத்த இத்திட்டம் வழி செய்தது. கணக்கிட்டால், மாதத் தவணை ஏறத்தாழ 5,780 ரூபாய் ஆகும்.

ஒரு கைவினைஞர் அந்த 1 லட்சத்தையும் மரத்திலேயே முடக்குவதாகக் கொள்வோம். மரம் உலர 3 மாதம் ஆயின், முதற்பொம்மை விற்குமுன்னரே ஏறத்தாழ 17,300 ரூபாய் தவணை செலுத்த நேரும். அதனை எங்கிருந்து தருவார்? மரம் காயுமுன் எடுத்துக் கடைவதைத் தவிர வேறு வழி தோன்றாது. மாறாக, அத்தொகையை முன்னரே ஒதுக்கி, எஞ்சியதில் ஒரு பகுதிக்குப் பச்சை மரமும், ஒரு பகுதிக்கு உலர்ந்த மரமும் அரக்கும் வாங்கினால், ஒன்று உலரும்போது மற்றொன்று விற்பனைக்கு வரும். விதைநெல்லைத் தனியே வைக்கும் உழவரின் முறையே இது. பருவந்தோறும் சரக்கு வாங்கும் எத்தொழிலுக்கும் இக்கணக்கு பொருந்தும்.

வாங்குவோர் கவனத்திற்கு

பொம்மையை விரலில் உருட்டிப் பாருங்கள். வட்டம் பிசகியிருந்தால் மரம் நன்கு உலரவில்லை என ஐயுறலாம். கடைசலில் ஏற்றிய அரக்கில் தூரிகைத் தடம் இராது. அரக்கு இயற்கைப் பொருளாயினும், அதில் கலந்த வண்ணம் எத்தகையது என்பதை விற்பவரிடம் கேட்டறிவது நன்று. மிகச் சிறிய பகுதிகள் உள்ளவற்றை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் தரலாகாது. அரக்கு வெப்பத்தில் இளகும்; சாராயம் கலந்த திரவத்தில் கரையும். எனவே கொதிநீரில் கழுவாமலும் கைத்தூய்மித் திரவம் படாமலும், உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும்.

ஒரே வடிவில் வார்த்த நெகிழிப் பொம்மையைவிடக் கடைசல் பொம்மை சற்று விலை கூடியிருக்கக் காண்கிறோம். அந்தக் கூடுதல் விலையில் ஒரு பகுதி, மரம் உலரும்வரை பொறுத்திருந்த கைவினைஞரின் காத்திருப்புக்கு நாம் தரும் கூலியாகும்.