சாவைப் பற்றிய மனப்பான்மையை அளப்பது எப்படி?

செவிலியர் மாணவர்களும் சமூகப்பணி ஆய்வாளர்களும் இந்த ஆய்வில் இறங்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது, எதை அளக்கப் போகிறோம் என்பதை. செத்துப்போவது வேறு; படுக்கையில் கிடந்து அவதிப்படுவது வேறு. ‘சாகப் பயமில்லை, யாருக்கும் பாரமாகக் கிடக்கக் கூடாது’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதிலேயே இரண்டும் பிரிந்து நிற்கின்றன. தனக்கு நேர்வதா, வேண்டியவருக்கு நேர்வதா என்பது இன்னொரு பிரிவு. 1969இல் வந்த காலெட்–லெஸ்டர் அளவுகோல் இந்த நான்கு பயங்களையும் தனித்தனியே கேட்கிறது.

அடுத்தது கருவி. டெம்ப்ளர் 1970இல் வெளியிட்ட மரணப் பதற்ற அளவுகோலில் 15 வாக்கியங்கள்; சரி, தவறு என்று சொன்னால் போதும். சீக்கிரம் முடியும், ஆனால் பதற்றத்தை மட்டுமே காட்டும். பொதுமக்களிடம் கேட்க வாங், ரெக்கர், கெஸ்ஸர் மூவரும் 1994இல் வெளியிட்ட 32 வாக்கியக் கருவியையே பரிந்துரைப்பேன். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சாவுக்கு அஞ்சுவது, அதை நினைக்கவே மறுப்பது, இயற்கை என்று ஏற்பது, மறுமையை நம்பி ஏற்பது, துன்பத்திலிருந்து விடுதலை என்று ஏற்பது என ஐந்து மனநிலைகள் அதில் உண்டு.

கடைசி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். வலி தாங்காமல் சாவை வேண்டுபவரை ‘மரணத்தை ஏற்றுக்கொண்டவர்’ என்று எழுதிவிட்டால், அவருக்கு உடனே வேண்டியது வலி நிவாரணம் என்பது நம் கண்ணில் படாமலே போகும். ஆய்வின் பயனே அங்கே போய்விடுகிறது.

ஆங்கிலக் கருவியை உருவாக்கியவர்களின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரண்டும் கைக்கு வந்தபின் மொழிபெயர்ப்பைத் தொடங்குங்கள். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதட்டும். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். மறுமை பற்றிய வாக்கியங்கள் பெரும்பாலும் சொர்க்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மறுபிறவியை நம்புபவர் அவற்றை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதைச் சிலரிடம் உரக்க வாசித்துக் காட்டி, பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.

முதியவர்களிடம் தாளை நீட்டாமல் வாய்மொழியாகக் கேளுங்கள், தனியாக. பக்கத்தில் மகனோ மருமகளோ இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். அல்லது ‘அபசகுனமா பேசாதீங்க’ என்று நிறுத்திவிடுவார்கள். அண்மையில் துக்கம் நடந்த வீட்டைத் தவிர்த்துவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் இடும்போது கவனம் வேண்டும். மூலப் படிவத்தில் சில வாக்கியங்களுக்கு ‘முழுமையாக ஏற்கிறேன்’ இடப்பக்கமும், சிலவற்றுக்கு வலப்பக்கமும் இருக்கும். எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்கு 7தான். அச்சத்துக்கு 7 வாக்கியங்கள், மறுமைக்கு 10, மற்ற மூன்றுக்கும் ஐந்தைந்து. ஆகவே கூட்டுத்தொகைகளை ஒப்பிடாமல், ஒவ்வொரு பிரிவுக்கும் சராசரி எடுங்கள். ஐந்தையும் கூட்டி ஒரே எண்ணாக்குவதில் பொருளில்லை.

விடுதலைப் பிரிவில் சராசரி 6, 7 என்று வந்தால் தாளை மூடிவைக்காமல் அன்றைக்கே அவரிடம் பேசுங்கள். வலி இருக்கிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். வலி என்றால் வலி நிவாரண மையத்துக்கும், சாகும் எண்ணம் என்றால் மனநல மருத்துவரிடமும் அனுப்ப முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ ஒப்புதல் படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள்.